கைநாட்டுக்குக் கீழ உள்ள ஒப்பம்

அந்த ஆசுப்பத்திரி ஃபைல மூடாதீங்க சேர். என்ட கூடப்பொறந்த ஜெமீலா றாத்தா வெளிய வாங்குல குந்திக்கிட்டு இரிக்கிறா. விசாரணைக்கெண்டு மூணாந்தரம் வாறம். ஒங்களுக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் இந்தப் பக்கத்தோடதான் மூடினாங்க.

ஓம், கைநாட்டு அவடதான். இல்லெண்டு ஆரு சென்ன? எண்பத்தொண்டாம் ஆண்டு, வயித்த வெட்டிப் புள்ளய எடுக்கணும் எண்டு கொண்டு போகக்குள்ள, நோவுல கத்தினவட பெருவிரலப் புடிச்சி வெச்சது. இனிப் புள்ளயே பொறக்காமக் கட்டுறத்துக்கும் சேத்துத்தான் எண்டு அவக்கு என்னெண்டு தெரியும்? அண்டைக்கு அந்த வாட்டுல அஞ்சு பேருக்குச் செஞ்சிரிக்கி.

அந்தப் புள்ளயும் ஆறாம் நாள் மௌத்தாப் போயிட்டு. ஏழாம் நாள் பேர் வெச்சு அறுக்கக் கட்டின கெடா, ரெண்டு மாசமா வளவுக்குள்ள கத்திக்கிட்டு நிண்டிச்சு.

காசா? காச நீங்களே வெச்சிக்கங்க. அவ கேக்கிற ஒரு கடுதாசி. இவளக் கேக்காமத்தான் செஞ்ச எண்டு, முத்திரையோட ஒரு வரி. றாத்தாட மாப்புள, மீராசா மச்சான் நம்புறாரில்ல. இத்தின வருசம் புள்ளயில்லாமப் போக, நீதான் களவா ஓமெண்டிருக்காய் எண்டு செல்லி, எங்கட வீட்ட உட்டு எறங்கி நிந்தவூருக்கு அவர்ர உம்மாட்டப் போயிட்டார். தலாக்குக்கும் எழுதிக் குடுத்திட்டார். கடுதாசியக் கொண்டாங்க, அவரோட கதைச்சுப் பாக்கன் எண்டு தலாக்கு விசாரிக்கிற காதியார் சென்னார். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.

தெரியும் சேர், நீங்களும் தரமாட்டீங்க. கைநாட்டுக்குக் கீழ ஒரு ஒப்பம் கிடக்கு. தமிழில வாசித்து விளக்கினேன், உறவினர் எண்டு. அதக் காட்டித்தானே எல்லாரும் கைய விரிக்கிற. ஆரு அந்த உறவினர் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல. றாத்தாக்கும் தெரியா.

அந்தக் கிறுக்கல் என்ட. வடிவாப் பாருங்க, காலிதீன் எண்டு கிடக்கும். அப்ப எனக்குப் பதினாலு வயசு. எட்டோட பள்ளிக்கூடத்த உட்டாலும் தமிழ் நல்லா வாசிப்பன். நாலு மணிக்குப் பந்தடி மேட்ச். தாள் ரெண்டு பக்கம், பொடி எழுத்து. வாட்டு வாசல்ல வெச்சு நேர்ஸ் மிஸ்ஸி தெளிவாத்தான் சென்னா: தம்பி, ஒண்டும் உடாம றாத்தாக்கு வாசிச்சுக் காட்டிட்டு ஒப்பம் வை எண்டு.

நான் ஒப்பம் மட்டுந்தான் வெச்சன்.