பங்கு பிரிக்கிற பெட்டி

...இல்லைத் தம்பி, வயரில ஒரு பிழையும் இல்லை. பிழை வேலிக்கு அங்கால. அதை உங்கட குறடால திருத்தேலாது. சரி, கொம்பியூட்டர் கடையில இருந்து வந்திட்டீங்கள், வந்த வேலையைப் பாருங்கோ, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கோ... ஐயோ, உதில்லை, உதில்லை! உதில அறுகரிசித் தட்டுக் கிடக்கு. பாத்து... பன்னீர்ச்செம்பு விழப்போகுது!

என்ன அப்பிடிப் பாக்கிறீங்கள்? பட்டு வேட்டியும் சால்வையுமா ஒரு மனுசன் கொம்பியூட்டருக்கு முன்னால குந்தியிருக்கிறான், விசரோ எண்டோ? இண்டைக்கு என்ர மகளுக்குக் கலியாணம் தம்பி. வினோஜா. இருக்கிறது ஒரேயொரு பிள்ளை. லண்டனில கலியாணம். எங்கட நேரத்துக்கு ஆறரைக்குத் தாலி கட்டு. மனுசிக்கு விசா குடுத்தவங்கள், எனக்கு இல்லையாம். நான் போனா திரும்பி வரமாட்டனாம்! ஆர் உவங்களுக்குச் சொன்னது? மழை பெய்து குளம் நிரம்பிக்கொண்டு வருகுது, விதைச்ச வயல் முளைச்சு நிக்குது, உதுகளை விட்டுப்போட்டு நான் லண்டனில நிண்டு பனி பாக்கப் போறனோ?

என்ர மச்சான் பரமேஸ்வரன் தாரை வாத்துக் குடுக்கிறாராம். பெத்த தேப்பன் நான் வவுனியாவில இருந்து உந்தக் கொம்பியூட்டருக்குள்ளால பாக்கவேணும். சரி, அதுக்கும் ஓம் எண்டிட்டன். எங்கேயிருந்து தூவி ஆசீர்வதிச்சாலும் அறுகரிசி அறுகரிசிதானே. ஆனா பாக்கிறதுக்கு உதில நெற் ஓடவேணுமே! ஆறு மணியெண்டா செத்துப்போகுது. ஒவ்வொரு நாளும். டாண் எண்டு ஆறு மணி! இண்டைக்கும் செத்துதெண்டா நான் என்ன செய்யிறது தம்பி, சொல்லுங்கோ... என்ர பிள்ளையின்ர கழுத்தில தாலி ஏறுறதை ஆரும் பேந்து வந்து கதையாச் சொல்லித்தான் நான் கேக்கவேணுமோ?

நீங்கள் எந்த இடம்? முள்ளியவளையோ! முள்ளியவளையில ஆர்ற ஆக்கள்? பழனியாண்டியைத் தெரியுமோ, மாட்டு வண்டில் வச்சிருந்தவர்... தெரியாதோ? ம்... நீங்கள் இந்தக் காலத்து ஆக்கள். எங்கட ஆக்கள் பளைப் பக்கம். அப்பர் காணி கிடைச்சு இஞ்சத்தைக் கொலனிக்கு வந்தவர். நான் வளந்ததே வாய்க்காலுக்குள்ளதான். பேந்து எனக்கு வேலையும் அதிலதான். தண்ணி விடுறது. குளத்து மதகை, துருசு எண்டுறது, அதைத் திறந்து, வாய்க்காலுக்கு விட்டு, ஆருக்கு எப்ப, எவ்வளவு எண்டு பாத்துப் பாத்துப் பங்கிடுறது. 'தண்ணிப் பரமலிங்கம்' எண்டு கேட்டுப் பாருங்கோ, கொலனியில தெரியாத ஆக்கள் இல்லை. வெட்டுக்குத்து வராம தண்ணி பங்கிட்டவன் நான். அப்பிடிப்பட்ட எனக்கு ஒரு வயருக்குள்ளால வாறதைப் பங்கிடத் தெரியாதெண்டு ஆரும் சொன்னா எனக்குக் கோவம் வருமோ, வராதோ?

கதையை முழுக்கக் கேட்டாத்தான் உங்களுக்கு விளங்கும். பக்கத்து வளவு நளீர். நல்ல மனுசன் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். முல்லைத்தீவு ஆள். தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை எழுப்பினதோட வெளிக்கிட்டு, புத்தளத்தில கஸ்ரப்பட்டு, பேந்து இஞ்ச வந்து பிடவைக்கடை போட்டவர். சண்டை நிண்டு பாதை திறந்தாப்போல கடை நல்லாப் பிடிச்சிட்டுது. கடைக் கணக்குகள், கொழும்புக்கு ஓடர் அனுப்புறது எண்டு அவருக்கு நெற் வேணும். எனக்கு வினோஜாவோட கதைக்க வேணும். பின்வளவு பத்மாசனி ரீச்சருக்குப் பள்ளிக்கூட அலுவலுகள். தனித்தனிய எடுத்தாக் கட்டாது. மூண்டு வீடும் சேந்து ஒரு லைன் எடுப்பம் எண்டு சொன்னதே நளீர்தான். லைன் அவர் வீட்டுக்கு வந்து அவற்ற கொம்பியூட்டரில ஏறுது. அங்கயிருந்து வயர் இழுத்து இந்தப் பெட்டிக்கு. இந்தப் பெட்டியாலதான் பங்கு. பங்கு பிரிக்கிற பெட்டி என்ர வீட்டிலதான் இருக்கோணும் எண்டு நான் ஒற்றைக் காலில நிண்டனான். அனுபவம் எனக்கெல்லே!

முறையும் நான்தான் வச்சனான். காலமை நளீர், மத்தியானத்துக்குப் பிறகு ரீச்சர், ஆறு மணிக்குப் பிறகு நான். வயர் இழுக்க வந்தவர், உங்கட கடை ஆள்தான், அவர் சிரிக்கிறார்! 'ஐயா, முறையொண்டும் தேவையில்லை, மூண்டு வீடும் ஒரேநேரத்தில பாவிக்கலாம்' எண்டார். நான் கேட்டன், தம்பி, மூண்டு வயலுக்கு ஒரேநேரத்தில தண்ணி விட்டுப் பாத்திருக்கிறீரோ எண்டு. தலைவயல்காரன் குடிச்சு முடிக்க, கடைவயல்காரன் வெடிச்ச மண்ணைப் பாத்துக்கொண்டு நிப்பான்.  

சொன்ன மாதிரித்தான் நடந்தது. முதல் ஒரு மாசம் வலு திறம். பேந்து ஒரு நாள் பின்னேரம் வினோஜா கதைச்சுக்கொண்டிருக்கிறாள், அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன சொல்லீனமெண்டா எண்டு வாயைத் திறந்தவள், திறந்த வாய் திறந்தபடியே நிண்டிட்டுது. அசைவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன சொன்னவை?  வேலியால எட்டிப் பாக்கிறன், நளீற்ற மூத்தவள் ஷிஹானா கொம்பியூட்டருக்கு முன்னால! என்ர முறை நேரத்தில! படிக்கிறாவாம். ஆறு மணிக்குப் பிறகு என்ன படிப்பு?

நான் சண்டைக்குப் போகேல்லை. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. அடுத்த நாளில இருந்து நான் செய்யவேண்டிய ஒழுங்கைச் செய்தனான். வாயால சொல்லாம, கையால. அதை விடுங்கோ, பிறகு காட்டுறன். ஆனா நான் ஒழுங்கு செய்ய வெளிக்கிட்ட அண்டையில இருந்துதான் தம்பி இந்த ஆறு மணிச் சாவு! எனக்கு இல்லை. ரீச்சருக்கும் இல்லை. நளீர் வீட்டில மட்டும் வெளிச்சமாப் போகுது, படம் ஓடுது, பாட்டு ஓடுது. இதில இருந்து என்ன விளங்குது? பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். ரீச்சர் வந்து என்னட்டைக் கேட்டவா, நான் கையை வேலிப்பக்கம் காட்டிவிட்டன். அவாவும் இப்ப அந்த வீட்டோட முகம் குடுக்கிறேல்லை.

வேற காரணமும் யோசிச்சுப் பாக்காமல் இல்லை. நளீற்ற மனுசி ஸுல்பா முந்தி ஒருக்கா அந்த வயரில உடுப்புக் காயப்போட்டவா. மூண்டு சாரமும் ஒரு படுக்கை விரிப்பும்! வயர் தொய்ஞ்சு என்ர கத்தரிச்செடியைத் தொடுது. சொன்ன உடன எடுத்திட்டா, அதுவும் சொல்லத்தான் வேணும். பேந்து அணில். முருங்கையில ஒரு அணில் நிக்குது, எனக்கு அதிலயும் ஒரு கண். ஆனா அணில் மணிக்கூடு பாத்துக் கடிக்குமோ?

கடைசியா ஒரு நாள் நேர கேட்டிட்டன். பெருநாளுக்கு முதல் நாள். வேலியடியில நிண்டு, நளீர், இது நியாயமோ எண்டன். அந்த மனுசன் என்ன சொன்னது தெரியுமோ? 'அண்ணை, குறை நினையாதேங்கோ, உங்கட பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ' எண்டுது. என்ர பக்கத்தை! தண்ணி பங்கிட்ட என்னைப் பாத்து! எனக்கு உச்சியில ஏறிட்டுது. அடுத்த நாள் பெருநாளுக்கு ஒவ்வொரு வருசமும் வாறமாதிரி அவை வீட்டு இனிப்பு, வட்டிலப்பம் வந்தது. மூடியைத் திறக்கேல்லை. அப்பிடியே திருப்பி அனுப்பிப்போட்டன். வேலியில ஒரு பொட்டு இருக்கு, ரண்டு வீட்டுக்காரரும் போய்வாறதுக்கு. இருந்தது. அதையும் முள்ளுக்கம்பி போட்டு வரிஞ்சு அடைச்சிட்டன். ரண்டு கிழமையாக் கதை பேச்சில்லை. என்ர மனுசி லண்டனில இருந்து போனில பேசுறா, கலியாணத்துக்கு நளீர் வீட்டுக்குச் சொல்லாம இருக்கிறீங்களே, பிள்ளை ஆசுப்பத்திரியில கிடக்கேக்க ராத்திரி முழுக்க அவைதானே நிண்டவை எண்டு. நிண்டவைதான். ஆர் இல்லையெண்டது? அதுக்காக?

என்ன தம்பி, எல்லாம் சரியோ? பச்சை லைற் எல்லாம் மினுங்குது. நெற் வந்திட்டுதோ? வரும், வரும், இப்ப ஆறு ஆகேல்லையே. ஆறுக்கு முந்தி நான் தொடவே மாட்டன், அடுத்தவன்ர முறையில கை வைக்கிற பழக்கம் எனக்கில்லை. பொறுத்துப் பாருங்கோ... ஆ, கேக்குதோ? பிள்ளையார் கோயில் மணி. கொஞ்சம் விலத்துங்கோ, என்ர வேலையை முடிச்சிட்டு வாறன்.

டிக். சரி.

பாத்தீங்களோ! செத்திட்டுது! நான் சொன்னனான் எல்லே, டாண் எண்டு ஆறு மணி!

என்ன? நான் இப்ப என்ன செய்தனானோ? நளீற்ற வயரைக் கழட்டினனான். அந்த நீலம். அவை ஆக்களின்ர முறை முடிஞ்சுது, வயலுக்கு மடையை அடைக்கிறமாதிரி அடைக்கிறன். இதுதான் நான் சொன்ன ஒழுங்கு. ஒவ்வொரு நாளும் ஆறுக்குக் கழட்டுவன், படுக்கப் போகேக்க திரும்பக் கொழுவிவிடுவன். பாவம், காலமை கடை அலுவல் இருக்கெல்லே, நான் நியாயமான ஆள். ஆனா ஒண்டை யோசியுங்கோ தம்பி. நான் வயரைக் கழட்டியும் அந்த வீட்டில ஓடுது! அப்ப கள்ள வாய்க்கால் ஒண்டு வெட்டி வச்சிருக்கினம் எண்டுதானே அர்த்தம்? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ!

ஏன் சிரிக்கிறீங்கள்?

ஏன் அந்த வயரைப் பிடிச்சுக்கொண்டு யன்னலால காட்டுறீங்கள்? ஓம், முருங்கைக்கு மேலால நளீர் வீட்டுக்குப் போகுது. போகேல்லையோ? அங்கயிருந்து... வருகுதோ? லைன் அங்க. ஓம், நான்தானே சொன்னனான் லைன் அங்கயெண்டு. அங்கயிருந்து பெட்டிக்கு வாறது இந்த... நீலம். மற்ற ரண்டும்தான் போறது. ஒண்டு எனக்கு, ஒண்டு ரீச்சருக்கு...

அட கோதாரி.

பொறுங்கோ தம்பி, இருக்கவேணும் நான். தட்டு... தட்டை எடுங்கோ, இருந்திடுவன். அப்ப இது மடையில்லை. துருசு. நான் துருசையெல்லே மூடியிருக்கிறன்! வாழ்க்கை முழுக்கத் தண்ணி விட்டவன், குளத்துத் துருசை என்ர கையால மூடிப்போட்டு, வாய்க்காலுக்குள்ள நிண்டு தண்ணி இல்லை, தண்ணி இல்லை எண்டு ஊரைக் கூட்டியிருக்கிறன். ரீச்சருக்கு என்ன சொல்லுறது? ஐயோ, அந்த வட்டிலப்பம்... தம்பி, கடையில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. ஆரும் கேட்டா அணில் கடிச்சது எண்டு சொல்லுவமோ? ஒரு அணில்தானே, அது வந்து மறுத்துச் சொல்லப் போகுதோ?

கொழுவுங்கோ, கெதியாக் கொழுவுங்கோ! என்ன, இன்னும் சுத்திக்கொண்டே இருக்கு? திரும்ப நிப்பாட்டிப் போடவேணுமோ? மணி என்ன இப்ப? ஐயோ பிள்ளையாரப்பா, ஆறே காலும் தாண்டிட்டுது. உந்தக் கொம்பியூட்டர் எழும்பி முகங்கழுவி வர அங்க தாலி ஏறிடும்...

ஆரது? வேலியடியில ஆரோ கூப்பிடுற சத்தம். நளீரோ? ஓம் நளீர், இஞ்சதான் நிக்கிறன்! என்ன... வினோஜாவோ? உங்கட கொம்பியூட்டருக்கு எடுத்திருக்கிறாளோ? அப்பாவைக் காணேல்லையெண்டு அழுறாளோ! தாலி இன்னும் கட்டேல்லையோ? அப்பா வராமத் தாலி கட்ட விடமாட்டன் எண்டு நிக்கிறாளோ? ஐயோ, என்ர செல்லம்... வாறன், வாறன்! வந்திட்டன்!

எங்கால போறது? றோட்டால போனா சந்தி சுத்தவேணும். பொட்டு... பொட்டை நானெல்லே அடைச்சனான்! தம்பி, உங்கட குறடைத் தாங்கோ! பெட்டியை விடுங்கோ, வெளியில வாங்கோ, அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. நளீர், அந்தக் கரையைப் பிடிச்சு இழுங்கோ, நான் இந்தக் கரையை வெட்டுறன். இறுக்கித்தான் கட்டிப்போட்டன், சனியன்... வேட்டி கிழிஞ்சா கிழியட்டும், இழுங்கோ! நளீர், உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அணில்... இல்லை, அணில் இல்லை. நான்தான். அந்த நீல வயரை ஒவ்வொரு நாளும் நான்தான் கழட்டினனான்.

என்ன? தெரியுமோ?

ஆறு மணிக்கு உங்கட கொம்பியூட்டர் எழுதிக் காட்டுமோ, வயர் கழண்டிட்டுது எண்டு? அப்ப ஏன் நீங்கள்... மகளோட கதைக்கிறது உங்கட கொம்பியூட்டருக்குள்ளால போனா உங்களுக்குக் கேக்குமெண்டு, கழட்டிப்போட்டுப் போனில கதைக்கிறன் எண்டு நினைச்சீங்களோ? உங்கட பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ எண்டு அண்டைக்குச் சொன்னது உதைத்தானோ? நளீர், நான் ஒரு விசரன் நளீர். அதைக் காதில வாங்காம, வாசலுக்கு வந்த சாப்பாட்டையும்... சரி, சரி, அழேல்லை, முள்ளுக் குத்திப்போட்டுது. இழுங்கோ!

ஆ, வந்திட்டுது. முதல் தட்டைப் பிடியுங்கோ, அறுகரிசி கொட்டிப்போகும். தம்பி, நீங்களும் வாங்கோ, கலியாண வீட்டுக்கு வந்திட்டு வெறுங்கையோட போறதோ? ஷிஹானா, மோனை, ஓடிப்போய் ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வா. ஸுல்பா, பிள்ளை, கமராவை என்ர பக்கம் திருப்புங்கோ, நான் வந்திட்டன் எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ... பேந்து, பிள்ளை... அந்த வட்டிலப்பத்தில ஒரு துண்டெண்டாலும் மிச்சம் கிடக்கோ?