கழற்றி மாட்டும் சுவர்

கோகோ நன்றாக இருக்கிறது. என் மனைவி இதைவிட இனிப்பாகப் போடுவாள். எனக்குக் கொஞ்சம் கசந்தால்தான் பிடிக்கும். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நிதானமாகவே சொல்கிறேன்.

தலைநகர் ஆப்பியாவிலிருந்து இந்தத் தீவின் தெற்குக் கரை வரை உள்ள சுனாமிச் சங்குகளெல்லாம் எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரே கணினியின் சொல்லுக்குத்தான் ஊதும். அதன் கெர்னலை, மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் கிடந்து இயந்திரத்தை ஆளுகிற மூல நிரலை, கட்டியவன் நான். பிறகு ஆக்லாந்தில் படித்துவிட்டு வந்த பெனினாவை எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சு வந்தது ஃபயர்வாலில். வெளியாளை உள்ளே விடாத காவல் சுவர் அது. கெர்னலோடு சேர்த்தே கட்டிவிட்டால் கணினி ஓடும்வரை அதைப் பிரித்தெடுக்க முடியாது. தனி மாட்யூலாக வைத்தால் வேண்டும்போது கழற்றலாம், மாட்டலாம். நான் சேர்த்துத்தான் கட்டியிருந்தேன். பெனினா மாற்றச் சொன்னாள்.

"புயல் மாசத்துல சுவர்ல ஒரு ஓட்டைன்னா, அதை அடைக்க மெஷினையே நிறுத்தணுமா அலபாத்தி? மாட்யூல்னா அதை மட்டும் கழட்டி மாத்திடலாம்ல?"

"கழட்டினவன் மாட்டாம விட்டா?"

"விடறதுக்கு இங்க யாரு இருக்கா, நீங்களும் நானும்தானே? சேர்த்தே கட்டினாலும் சாவி வச்சிருக்கிறவன் விதிகளை அழிச்சுட்டா உங்க சுவரு சும்மா நிக்கும். சுவரைப் பார்த்துப் பயப்படாதீங்க பெரியவரே, ஆளைப் பார்த்துப் பயப்படுங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொன்னபடி மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டின் நடுவில், தேவாலயத்தில் பாட்டு நடக்கும்போது, போனை எடுத்துச் சுவர் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றது. எப்போது பார்த்தாலும் நின்றது. அதுதான் என்னை அரித்தது. பட்டால்தானே புத்தி வரும்?

அந்த வெள்ளிக்கிழமை பெனினா படகேறிப் பக்கத்துத் தீவான சவாயிக்குப் போயிருந்தாள். காலையில் மாட்யூலைக் கழற்றினேன். ஒரே வரிக் கட்டளை. இயந்திரம் முனகக்கூட இல்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். வாங்கி வந்த தேங்காய்ப்பால் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன், வாயில் போடவில்லை.

பள்ளி விடும் முன் சங்குகள் ஊதின. எல்லா ஊரிலும் ஒன்றாக. முன்பு ஒருமுறை அலைக்குப் பிள்ளைகளைக் கொடுத்த கரை அது. அங்கே யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒத்திகை பார்த்தபடியே மலைக்கு ஓடினார்கள். ஒழுங்காகத்தான் ஓடினார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்ட ஒரு பள்ளிப் பேருந்து மேலே ஏறும்போது எதிரே ஒரு லாரி வந்தது. பேருந்தின் மேல் குற்றமில்லை. வளைவு குறுகல்.

அலை வரவில்லை. பெனினா திரும்புவதற்குள் மாட்யூலை மாட்டிவிட்டேன். ஆனாலும் சுவர் இல்லாமல் கிடந்த நேரம் விசாரணையில் தெரிந்துவிட்டது. கழன்றது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கழலும்படி வைக்கச் சொன்னது யார் என்றுதான் கேட்டார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் குடும்பம் நம் வழக்கப்படி பாய்களைப் போர்த்திக்கொண்டு, மன்னிப்பு வேண்டி, பிள்ளையை இழந்த வீட்டு முற்றத்தில் விடியலிலிருந்து மண்டியிட்டது. கூட வேலை பார்த்தவன் என்ற முறையில் நானும் அவர்களோடு மண்டியிட்டேன்.

பாய்க்கு அடியில் அவள் என் காதோரம் சொன்னாள்: "அன்னிக்கே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் பெரியவரே."

சொல்லக்கூடாதுதான். நெஞ்சு குளிர்ந்தது.

வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பாயை விலக்கி அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். மன்னித்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். இப்போது அந்தச் சுவர் கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. இந்தத் தீவுக்கு அது நல்லது.

உள்ளே வந்தது யார் என்று கேட்டீர்கள். காலையிலிருந்து திறந்தே கிடந்தும் யாரும் வரவில்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ நிரல்கள் கதவைத் தட்டின. தட்டிவிட்டுப் போய்விட்டன, ஒன்றுக்கும் வழி தெரியவில்லை. ஒருவனும் வராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. அதனால் நானே சந்தைப் பக்கம் இறங்கிப் போய், அங்கிருந்த பொது இணைப்பிலிருந்து அந்நியன்போல உள்ளே வந்து சங்குகளை ஊத வைத்தேன். சங்குக்குக் கட்டளை தரும் வழியில் கடவுச்சொல் கிடையாது. சுவரை நம்பி அப்படியே விட்டிருந்தோம். என் சாவியை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்காது.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்கிறீர்கள். பெரியவளுக்குக் காய்ச்சல் வரும் போலிருந்தது. சின்னவனுக்கும் வந்துவிடும் என்று தோன்றியது.