தட்டில் ஒரு குத்தகை

நிலத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்துப் பேருந்து நகராது. அன்று மன்னார்குடியில் ஏறி எனக்கு முன்னால் உட்கார்ந்த பெரியவர், மனைவியிடம் சொன்னது மட்டும் புதிது.

“வெட்டி எடுத்த என் கிட்னிக்கு இன்னும் உயிர் இருக்காம்.”

“கிட்னிக்கு இல்லைங்க. அதுலேர்ந்து கொஞ்சம் செல்லை எடுத்து, ஆஸ்பத்திரி லேப்ல ஒரு தட்டுல வச்சு வளக்குறாங்க. நோய் எப்படி வருதுன்னு பாக்க.”

“வளக்குறான்ல? ஆறு மா நிலத்தை நம்பிக் குத்தகைக்கு விட்டோம். திருப்பிக் கேட்டா, சாகுபடி பண்றவன் நான், விட மாட்டேன்னான். கோர்ட்டும் அவன் பக்கம். நாளைக்கு இந்த டாக்டரும் அதையே சொல்லுவான்.”

“திருப்பிக் குடுத்தா ஒட்டிக்கப் போறீங்களா?”

“அதுக்கில்ல. என்னுது அவன்கிட்ட இருக்குல்ல.”

“ரொம்ப நாள் இருக்காதாம். கொஞ்சம் பெருகிட்டு, தானா செத்துடுமாம்.”

“அப்படித்தான் சொல்லுவான். குத்தகைக்காரனும் ஒரு போகம்னுதான் வந்தான்.”

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம பெரியவனுக்கும் ஒங்க மாதிரியே கிட்னில நீர்க்கட்டி ஆரம்பிச்சிருக்கு. புது மருந்தையெல்லாம் மொதல்ல அந்தச் செல்லு மேல விட்டுத்தான் பாக்குறாங்களாம். அதுல வேலை செஞ்சாத்தான், அவன மாதிரி ஆளுங்களுக்குக் குடுப்பாங்களாம்.”

பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோட்டூர் தாண்டும்வரை வெளியே ஓடிய வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அப்ப இருந்துட்டுப் போவட்டும்,” என்றார். “காலி பண்ணச் சொல்ல வேணாம்.”