ஸ்பிரிட்டில் கரைந்த சிவப்பு

அவையை அணிசெய்யும் தலைவர் பாக் ஹார்ஜோ அவர்களே, சோலோ நகரத்து மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் தாய்மார்களே, சோற்றுப் பொட்டலத்துக்காக வந்து பேச்சையும் பொறுத்தருளும் பின்வரிசைப் பெருந்தகைகளே! முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஆஸ்பத்திரி லேபில் சதைத்துண்டுக்குச் சாயம் ஏற்றும் இந்த வார்சித்தி, தெருவில் மட்டும் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிப் பட்டறையில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள். சிரிக்காதீர்கள் அம்மா, நம்பியது நீங்கள்தான்!

என்ன சாயம் அது? எதிர்ப்பொருள் என்றோர் ஒற்றன். கோடி உயிரணுக்களுக்கு நடுவே தனக்குரியதைத் தேடிப் பிடிப்பான். பிடித்த இடத்தில் நிறம் வைப்பான்.

பெச்சா வண்டி மிதிக்கும் வகிமானின் உள்ளங்காலில் ஒரு கருங்கட்டி. புற்றா? வெறும் மச்சமா? புற்றென்றால் பாதம் போகும். பாதம் போனால் எதைக் கொண்டு மிதிப்பார்? எதைக் கொண்டு பிழைப்பார்? வழக்கமான பழுப்புச் சாயம் ஏற்றினோம். கட்டியே பழுப்பு! மேல்பரப்பிலும் பழுப்பு, ஆழத்திலும் பழுப்பு. எது ஒற்றன் வைத்தது, எது உடம்பே வைத்தது?

எங்கள் லேப் டாக்டர் ரெத்னானிங் சொன்னார்: "சிவப்புல ஏத்துங்க வார்சித்தி. ரெண்டு துண்டுதான் மிச்சம், பாத்து."

ஏற்றினேன். நுண்ணோக்கியில் பார்த்த டாக்டரின் நெற்றி சுருங்கியது. "சாதாரணத் தோல்லகூட வரவேண்டிய சிவப்பு ஒரு புள்ளி இல்லையே! மருந்து கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. வெளியே வந்தேன். வாசலில் வகிமான்.

"யக்கா, செருப்பு வாங்கணும். ஒத்தையா, ஜோடியா? அத மட்டும் சொல்லிடு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை, பெருமக்களே! திரும்பிப் போனேன்.

"டாக்டர், மருந்து கெடல. பழைய வழக்கத்துல கடைசியா ஸ்பிரிட்ல முக்கிட்டேன்."

"அய்யோ, பழுப்பு தாங்கும். இந்தச் சிவப்பு கரைஞ்சிடுமே!" துண்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஒரு துண்டு இருக்கு. தண்ணில மட்டும் கழுவுங்க."

கழுவினேன். தண்ணீரில் மட்டும் கழுவினேன். நின்றது சிவப்பு! மேல்வரிசையில் மட்டும் ஒழுங்காக நின்றது. ஆழத்தில் பழுப்பாக இருந்தவை, சிந்திய நிறத்தைத் தின்று கிடந்த துப்புரவு அணுக்கள். புற்றல்ல, மச்சம்!

சாயமா பொய் சொல்லும்? தவறிய கையைக் காக்க வாய்தான் பொய் சொல்லும். அன்று நான் வாயை மூடியிருந்தால், கெட்ட மருந்தென்று கடைசித் துண்டுக்குச் சிவப்பே ஏற்றியிருக்க மாட்டோம். ஐயம் தீராத காலை வெட்டத்தானே சொல்லியிருப்பார்கள்? சாயம் ஏற்றும் சகோதரிகளே, கை தவறினால் சொல்லுங்கள்! உடனே சொல்லுங்கள்! உரக்கச் சொல்லுங்கள்! உங்கள் ஒரு சொல்லில் ஒருவர் நடக்கிறார்!

வகிமான் ஜோடிச் செருப்போடு வாசலில் வண்டியுடன் நிற்கிறார். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

கடைசியாக ஒன்று. கூட்டம் தொடங்குமுன் என் விரலில் இருந்த சாயச் சிவப்பு தலைவரின் பூப்போட்ட சட்டையில் ஒட்டிவிட்டது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சிவப்பு போய்விட்டது. பூவும் போய்விட்டது. சாயம் போகாத அசல் பாத்திக் என்றுதான் சொல்லியிருந்தார்.