காலி இடம் மிஞ்சாத திரை

மவுஸ் எனக்குப் பிடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு மேசை முழுக்கத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வராது, பாவமாகத்தான் இருக்கும். ஒரு வரி தட்டினால் முடிகிற வேலைக்கு இத்தனை அலைச்சல் எதற்கு? தேரடி வீதியில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சார். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் தசரதனின் அரிசி ஆலைக்குக் கேமரா வைத்துக் கொடுத்தது நான்தான். வாசல், எடை மேடை, நெல் களம், பாய்லர் என்று நான்கு. ஆபீசில் ஒரே கம்ப்யூட்டர் திரையில் நான்கும் தெரியும். டைலிங் விண்டோ மேனேஜர் என்று ஒன்றை அதில் போட்டிருந்தேன். மற்ற கம்ப்யூட்டர்களில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும், எது எதை மறைக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். இதில் அந்தப் பேச்சே இல்லை. தரையில் ஓடு பதித்த மாதிரி திரையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு கட்டத்தை எடுத்தால் மற்றவை விரிந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். காலி இடம் மிஞ்சாது. என் கடையில் உட்கார்ந்தபடியே, பிராட்பேண்ட் வழியாக, கமாண்ட் லைனில் ஒரு வரி அடித்து இதையெல்லாம் என்னால் செய்ய முடியும்.

பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் உயரத்தில் இருந்தது. அடுப்புக்கு உமி தள்ளும் தருமன் அதைப் பார்க்க அடிக்கடி இரும்பு ஏணியில் ஏறுவார். முட்டி வலிக்காரர். கேமரா வந்தபின் அந்தக் குழாயைத் திரையில் பார்ப்பது ஆபீசில் இருக்கும் வேணுவின் வேலை ஆனது. தண்ணீர் இறங்கினால் வேணு மணி அடிப்பான், தருமன் பம்பைப் போடுவார். மணி அடிக்காதவரை தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இது என் ஏற்பாடு இல்லை, அவர்களாகவே பழகிக்கொண்டது. கேமராவைப் பொருத்திய அன்று தருமன் ஏணிக்குக் கீழே நின்று கேட்டார்.

"இது தூங்காதில்ல தம்பி?"

"தூங்காதுங்க" என்றேன். அது உண்மைதான்.

வேணுவுக்கு என் திரை பிடிக்கவில்லை. மவுஸ் இல்லாமல் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதாம், கட்டங்கள் சின்னதாக இருப்பதால் கண் வலிக்கிறதாம். நடுநடுவே சீட்டாட முடியவில்லை என்பதுதான் நிஜம். முதலாளியிடம் போய் நின்றான். தசரதன் என்னை வரவழைத்து, மூட்டை தூக்குகிறவர்கள் முன்னாலேயே சொன்னார்.

"இன்னாப்பா மாறன், உன் சமாச்சாரம் ஒரே தலைவலியா கீது. பௌர்ணமி போவட்டும். பழையபடி மவுஸ் வெச்சு, அவனுக்கு எப்டி சவுரியமோ அப்டி போட்டுக் குடுத்துடு."

வேணு சிரித்தான். எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் ஆத்திரக்காரன் இல்லை. குறை ஏற்பாட்டிலா, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடமா என்று ஒருமுறை சோதித்துவிடலாம் என்று மட்டும் நினைத்தேன்.

பௌர்ணமி அன்று காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வரி அடித்தேன். ஆலைத் திரையில் இருந்த பாய்லர் கட்டம் போனது, மற்ற மூன்றும் விரிந்துகொண்டன. அந்தப் படத்தை என் திரையில் வைத்துக்கொண்டேன். யாரையும் தொடவில்லை, ஒரு ஒயரைக்கூட அறுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேணு போன் செய்தான். கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன்மேல் லேசாக மரியாதைகூட வந்தது.

"அண்ணா, இன்னிக்கு படமெல்லாம் பெருசா, சூப்பரா தெரியுதுண்ணா. மொதல்லயே இப்டி குடுத்திருந்தா நான் ஏன் மொதலாளிகிட்ட போறேன்? இப்டியே வுட்டுடுங்க."

"எல்லாம் தெரியுதா வேணு?"

"எல்லாமே ஜோரா தெரியுதுண்ணா."

"சரி, அப்டியே இருக்கட்டும்."

கவனியுங்கள் சார், நான் கேட்டேன். அவனுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்தேன்.

குழாயில் தண்ணீர் இறங்குவதைப் பார்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஒருவர் பென் டிரைவ் கேட்டு வந்தார், எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது பாதிக்குக் கீழே போயிருந்தது. கட்டத்தைத் திருப்பி வைக்கும் வரியை அடித்துத் தயாராக வைத்திருந்தேன். என்டர் மட்டும் தட்டவில்லை. 'அண்ணா, பாய்லர் எங்கே?' என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நொடியே தட்டியிருப்பேன். நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. தருமனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் சோதனை கெட்டுப்போயிருக்கும்.

குழாய் வறண்டபின் தருமன் ஏணியில் ஏறி வந்தார். ரொம்ப நேரமாக மணி அடிக்கவில்லையே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். குழாயைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கேமராவைப் பார்த்தார். என் திரையில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. அப்போதும் என் விரல் என்டர் மேலேதான் இருந்தது. அவசரமாக இறங்கினார். வற்றிப் பழுத்துக் கிடக்கும் பாய்லரில் பச்சைத் தண்ணீர் ஏறினால் வெடிக்கும் என்று அவருக்கும் தெரியும். பதற்றத்தில் கை பம்புக்குப் போயிருக்க வேண்டும். படம் அணைந்தது. அந்தக் கட்டம் தானாக மூடிக்கொள்ள, பக்கத்தில் இருந்த என் பாட்டு லிஸ்ட் விரிந்து இடத்தை நிரப்பியது.

தருமனை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியவில்லை, ஆம்புலன்ஸ் கிரிவலக் கூட்டத்தில் சிக்கி நின்றதாமே. அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

வேணுவை லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள், அவன் அழுகிறான் என்று கேள்விப்பட்டேன். அதற்காக நான் வரவில்லை. பார்க்கத் தவறியவன் அவன்தான். இன்று டீக்கடையில் ஒருவர் பேப்பரைப் பார்த்துச் சொன்னார், "கம்ப்யூட்டர் கோளாறாம்பா, ஒரு படம் தானா காணாம பூடிச்சாம்" என்று. அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

தானாகப் போகவில்லை சார். நான் எடுத்தேன். தண்ணீர் வற்றும்வரை பார்த்துக்கொண்டும் இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் தருமனின் மனைவி சந்திரகலா உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு கோளாறும் இல்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தது என்று அந்த அம்மாவிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.