நூறு சதவீதம் ஆகும்வரை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது, இன்ஸ்பெக்டர் அய்யா. பட்டனைத் தட்டினால் அரை நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது. என் கணவர் ஞானாபரணம் ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடமாட்டார். மதுக்கரையில் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஊருக்கெல்லாம் வயரிங் பார்த்தார், எங்கள் வீட்டுப் பிளக் மட்டும் கடைசிவரை லூசு.

நீங்கள் என்னைச் சந்தேகப்படுவதில் எனக்கு வருத்தமில்லை. நானும் பத்து நாளாக அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்றார். டக் டக்கென்று சத்தம் வருகிறதாம். என் காதில் எதுவும் விழவில்லை. அந்த டிஸ்க்கில்தான் எங்கள் மகள் சாரா இருந்தாள். பத்தொன்பது வயதில் டெங்குவில் போய்விட்டாள். சர்ச் பாடகர் குழுவுக்காக அவள் பாடிப் பழகியது, நடுவில் வரி மறந்து சிரித்தது, பாட்டை நிறுத்திவிட்டு "அம்மா, காபி" என்று கத்தியது எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. தினமும் சாயங்காலம் போட்டுக் கேட்பேன். அவருக்கு அது பிடிக்காது.

"எத்தன நாளைக்கு அம்மணி இப்படியே உக்காந்துட்டிருப்ப?" என்பார்.

பிறகு ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏதோ செய்தார். காபி கொண்டுபோனால் திரையை மறைத்து நின்றார். சனிக்கிழமை காலையில் பழைய டிஸ்க் குப்பைக் கூடையில் கிடந்தது. டிரில் போட்டு மூன்று ஓட்டை. பேங்க் விவரமெல்லாம் இருக்கும், முழுசாக எறியக்கூடாது என்று எப்போதும் அப்படித்தான் செய்வார். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த மூன்று ஓட்டைகளைப் பார்த்ததும் சாராவையே அழித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க, சாரா பாட்டெல்லாம் என்னாச்சுங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல விண்டோஸ் ஏறட்டும் அம்மணி. ராத்திரிக்குத் தெரியும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புது டிஸ்க்கை மாட்டி விண்டோஸ் ஏற்ற ஆரம்பித்தார். யூ.பி.எஸ். கெட்டுப்போய் ஒரு மாதம். அதனால் என்னைச் சுவரோரம் உட்காரவைத்துப் பிளக்கைப் பிடிக்கச் சொன்னார்.

"நூறு வர்ற வரைக்கும் கைய எடுத்துராத. கரண்ட் வுட்டுப்போனா மறுபடியும் மொதல்லிருந்து ஏத்தோணும்."

பிடித்துக்கொண்டேன். பழைய பெட்டி, மெதுவாகத்தான் ஏறியது.

இருபத்திரண்டு சதவீதத்தில் அவர் நெஞ்சைப் பிடித்தார். இரண்டு வருஷமாக இருதயத்தில் கோளாறு. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பிரிட்ஜ் மேல் தகர டப்பாவில் இருக்கும். பத்தடி தூரம். அவர் மறதிக்காரர், ராத்திரி மாத்திரைகளையும் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது நான்தான்.

"மாத்தர... டப்பாவ எடு அம்மணி," என்றார்.

"நூறு ஆகட்டுங்க," என்றேன்.

முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். முப்பத்தைந்தில் நாற்காலியிலிருந்து சரிந்தார். நாற்பத்தொன்றில் டப்பா, டப்பா என்று இரண்டு முறை சொன்னார். அதன்பிறகு பேசவில்லை. எழுபதில் நான் கையை எடுத்துப் பார்த்தேன். பிளக் அதுபாட்டுக்கு நின்றது. மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

நூறு ஆனதும் 108-க்குப் போன் செய்தேன். நேரம் ஒத்துவரவில்லை என்று டாக்டர் உங்களிடம் சொன்னது சரிதான். அவர் நெஞ்சைப் பிடித்ததிலிருந்து ஐம்பது நிமிடம். மாத்திரை கொடுத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார். அது தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று உங்கள் பெண் காவலர் மாத்திரைகளைப் பார்ப்பதற்காக அந்த டப்பாவைத் திறந்தார். மாத்திரை அட்டைகளுக்கு மேலே ஒரு பென் டிரைவ். அதில் ஒட்டிய துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்து: 'சாரா, எல்லாம்.' டிஸ்க் முழுசாகப் போவதற்குள் ஒவ்வொரு பாட்டாக இழுத்து எடுத்திருக்கிறார் என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆள் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு செய்தது அதைத்தான். ராத்திரி மாத்திரை எடுக்கும்போது நானே பார்க்கட்டும் என்று அங்கே வைத்திருக்கிறார்.

போட்டுக் கேட்கிறீர்களா அம்மா என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நூறு வரும்வரை கையை எடுக்காதே என்று சொன்னது அவர்தான். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் பேச்சை நான் ஒருநாளும் மீறியதில்லை.