தம்பி கேட்ட நடுக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். இதில் ஒரு இடத்திலும் பொய் இருக்காது.

காது மெஷின் போட்டவர்கள் ஹெட்போன் வாங்கினால், காதை முழுசாக மூடுகிற பெரியதாகப் பார்த்து வாங்க வேண்டும். சின்னது மெஷினில் உரசிக் கீச்சிடும். நாலு கடை ஏறி இறங்கி என் தம்பிக்குச் சரியானதை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அவன் பாடல்களுக்கு இசை அமைப்பவன். பின்னறையில் கீபோர்டு, கம்ப்யூட்டர், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. முப்பது வருஷமாக அவன் மெட்டுகளைப் பாடியவள் நான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் காது மந்தம். பழைய மெஷினில் என் குரல் அவனுக்குத் தேனாகத்தான் இருந்தது. புது மெஷின் மாட்டி, அதன்மேல் ஹெட்போன் வைத்துப் பழைய பாட்டுகளைப் போட்டுப் பார்த்த அன்றுதான் கேட்டான்:

"அக்கா, சுருதி விலகுதே. எப்பவுமே இப்படித்தானா?"

"மெஷினுக்குக் கொழுப்பு," என்றேன்.

"அதுக்கு உன்மேல என்ன பகை?" என்று சிரித்தான். "கோச்சுக்காதே. இந்தத் தடவை வேற ஆளைப் பாத்துக்கறேன். நீ ரெஸ்ட் எடு."

அந்த மெஷின் வேலை செய்கிற விதத்தை அவன் போனிலிருந்தே மாற்றலாம். இசைக்கு ஒரு அமைப்பு, பேச்சுக்கு ஒன்று. பேச்சு அமைப்பில் யாராவது நீட்டிப் பாடினால், அதைத் தன் கீச்சு என்று நினைத்து மெஷின் அமுக்கப் பார்க்கும், சுரம் நடுங்கும். வேலை நேரத்தில் போன் தொந்தரவு கூடாது என்று என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவான். அவன் ஹெட்போனை மாட்டியதும் பேச்சுக்கு மாற்றுவேன். கழற்றியதும் பழையபடி இசைக்கு.

புதிதாக வந்த பாடகிக்கு நடுங்கியது. புல்லாங்குழல் நடுங்கியது. அவனுடைய கீபோர்டே நடுங்கியபோது முகம் வெளுத்துப்போனான்.

சோதனையில் மெஷின் சரியாகவே இருந்தது. காது பரிசோதிக்கும் பெண் கேட்டாள்: "போன்ல யாராச்சும் அமைப்பை மாத்தறாங்களா?"

"போன் அக்காகிட்ட இருக்கும். அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

நானும் தெரியாது என்று தலையாட்டினேன்.

அப்புறம் அவன் மெஷினைக் கழற்றி எறிந்தான். வெறும் காதில் ஹெட்போனை அழுத்தி, ஒலியைக் கடைசிவரை கூட்டிவைத்து, நாளெல்லாம் கேட்டான். இப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் செவியும் போய்விடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கதவருகே நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஐந்து மாதத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இனி எந்த மெஷினும் அவனுக்கு உதவாது.

வருத்தமா என்று கேட்காதீர்கள். முப்பது வருஷம் பாடியவளை, பட்டாணி அளவுக் கருவி ஒன்று வந்து வெளியே போ என்றால் போய்விடுவதா? செய்தது நான்தான். மறுபடியும் செய்வேன்.

தினம் சாயங்காலம் அவன் எதிரே உட்கார்ந்து பாடுகிறேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு குறை சொல்வதில்லை. அக்காவும் தம்பியும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை. உங்கள் வீடும் எங்கள் வீடு போலவே நிம்மதியாக இருக்கட்டும், கண்ணுகளா.